படத்தோடு பதியாமல் போனவை

கணினித் திரையில் ஓடுவதைப் பதிவு செய்து பழகியவர்களுக்கு ஒரு சிக்கல் நன்றாகத் தெரியும். படம் சுத்தமாக வந்துவிடும்; ஒலிதான் கோளாறு செய்யும். கணினியின் உள்ளே ஓடும் ஒலியை அப்படியே எடுக்க வழி கிடைக்காதபோது, ஸ்பீக்கரிலிருந்து அறைக்குள் வந்த சத்தத்தை மைக் வழியாகத் திரும்பப் பிடிப்பார்கள். மின்விசிறியின் இரைச்சலும் தெருவின் ஹாரனும் கூடவே ஏறிக்கொள்ளும். ஒலியைத் தனியாகப் பதிந்து பிறகு ஒட்டினாலோ, பத்து நிமிடம் கழித்து வாய் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமுமாகப் போகும். இதைக் கணினி யுகத்துக்கே உரிய சின்னத் தொல்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஒரு கருவி காட்டும் படத்தை நாள் தவறாமல் பதிவு செய்யும் வேலை பழனி மலையில் 1904 முதல் நடந்து வருகிறது. அந்தப் பதிவுகளை இன்று கையில் எடுப்பவர்கள் முட்டிக்கொள்வதும் இதே இடத்தில்தான். ஒரு பதிவு எத்தனை காலம் பயன்படும் என்பதைப் படத்தின் தெளிவு மட்டும் முடிவு செய்வதில்லை. படத்தோடு சேர்ந்து வந்திருக்க வேண்டியவை, அதாவது நேரம், திசை, ஒளியின் அளவு, ஒலி ஆகியவை, அதே ஊடகத்தில் அதே கடிகாரத்தின்படி பதிந்தனவா என்பதே முடிவு செய்கிறது. கொடைக்கானல் சூரிய வானாய்வகத்தின் வரலாற்றை இந்தக் கோணத்தில் படிக்க வேண்டும் என்பது என் வாதம்.

அந்த ஆய்வகம் பஞ்சத்தின் பின்னணியில் பிறந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழை ஏன் பொய்க்கிறது என்ற கேள்வி ஆட்சியாளர்களைத் துரத்தியது. சூரியப் புள்ளிகள் கூடிக் குறைவதற்கும் மழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று நார்மன் லாக்கியரும் டபிள்யூ.டபிள்யூ. ஹன்டரும் 1877இல் எழுதினார்கள். அந்தத் தொடர்பு அவர்கள் நம்பிய அளவுக்கு நேரடியானதாக நிலைக்கவில்லை. ஆனாலும் சூரியனை நாள்தோறும் கவனித்துப் பதிய ஓர் இடம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு அது வலு சேர்த்தது. 1792இலிருந்து இயங்கிய சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்த மிக்கி ஸ்மித், நீலகிரியில் கோத்தகிரியையும் பழனி மலையில் கொடைக்கானலையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொடைக்கானலைப் பரிந்துரைத்தார். 1895இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899இல் வேலை தொடங்கியது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர் உயரம். காலை வெயில் ஏறி மலைச்சரிவைச் சூடாக்கிக் காற்றைக் கலக்கும் முன்பு, சூரிய உதயத்தை ஒட்டிய ஓரிரு மணி நேரம் அங்கே படம் அசையாமல் நிற்கும். அந்த நேரத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

1904இலிருந்து இரண்டு வகைப் படங்கள் எடுக்கப்பட்டன. ஒன்று, சூரியனை வெள்ளொளியில் அப்படியே காட்டும் புகைப்படம். 1918இலிருந்து இதற்கு 15 செ.மீ. தொலைநோக்கி பயன்பட்டது, சூரியனின் வட்டம் தட்டில் ஏறக்குறைய 20 செ.மீ. அகலத்துக்கு விழுந்தது. இன்னொன்று ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் எடுத்த படம். திரைப்பதிவைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்தக் கருவியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கேம்பிரிட்ஜ் சயின்டிஃபிக் இன்ஸ்ட்ரூமென்ட் கம்பெனி செய்த கருவி அது. சுழலும் ஆடி ஒன்று சூரிய ஒளியைப் பிடித்து 30 செ.மீ. லென்சுக்குள் அனுப்பும். லென்ஸ் 60 மி.மீ. அகலமுள்ள சூரிய உருவத்தை ஒரு மெல்லிய பிளவின் மேல் விழச் செய்யும். பிளவுக்குள் நுழைவது சூரியனின் ஒரு கீற்று மட்டுமே. அந்தக் கீற்று முப்பட்டகங்கள் வழியாக நிறமாலையாக விரியும். இரண்டாவது பிளவு அதில் கால்சியத்தின் கே கோட்டை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் மறித்துவிடும். கருவி மெதுவாக நகர நகர, கீற்றுக்கு அடுத்த கீற்றாகக் கண்ணாடித் தட்டில் முழுச் சூரியனும் எழும். கணினித் திரையும் வரிவரியாகத்தான் தீட்டப்படுகிறது. அதனால் அந்தத் தட்டில் உள்ள படம் ஒரே கணத்தைச் சேர்ந்தது ஆகாது. இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் நடுவே கொஞ்சம் காலம் கழிந்திருக்கும். நகர்வு சீராக இல்லாவிட்டால் படத்தில் கோடு விழும். படத்துக்குள்ளேயே காலம் ஒளிந்திருக்கும் பதிவு இது. அந்தக் காலத்தைக் கருவி தானாகக் குறித்துக்கொள்ளவில்லை. மனிதர் கடிகாரத்தைப் பார்த்துக் கையால் எழுதினார்.

கையால் எழுதிய நேரத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். அந்தப் பகுதியில் எந்தக் கடிகாரம் ஓடியது என்று கேட்டால் சிக்கல் விளங்கும். 1904இல் இந்திய நிலையான நேரம் என்பதே கிடையாது. சென்னை மாகாணத்தில் சென்னை நேரம். அது கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி நேரக் கணக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில், 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் நடுவரை, நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்தார்கள். இவை போதாதென்று, வானியலாளர்களின் நாள் 1924 முடியும்வரை நண்பகலில் தொடங்கியது. 1925 ஜனவரி 1 முதல்தான் ஊரோடு ஒத்து நள்ளிரவுக்கு மாறியது. ஒரு பழைய தட்டில் எட்டரை மணி என்று இருந்தால், அது எந்த எட்டரை என்று முடிவு செய்த பிறகே அந்தப் படம் ஓர் அளவுப் பொருளாகும். சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது. பூமியிலிருந்து பார்க்கும்போது ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 27 நாள். ஒரு மணி நேரப் பிழையால் புள்ளியின் இடம் அரைப் பாகை நகரும். பன்னிரண்டு மணி நேரக் குழப்பம் என்றால் ஆறு பாகைக்கும் மேல். இதைவிடப் பெரிய வில்லங்கம் ஆடியில் இருக்கிறது. ஒளியை லென்சுக்கு அனுப்பும் அந்த வகை ஆடி, சூரியனைப் பின்தொடரும்போது உருவத்தையும் மெல்லச் சுழற்றிவிடும். எந்த நேரத்தில் எடுத்தது என்று தெரிந்தால்தான் வடக்கு எந்தப் பக்கம் என்று கணக்கிட முடியும். நேரம் தவறினால் திசையும் தவறும். புள்ளிகள் சூரியனின் நடுக்கோட்டுக்கு எவ்வளவு வடக்கே, எவ்வளவு தெற்கே தோன்றுகின்றன என்பதை வைத்துத்தான் அதன் பதினோரு ஆண்டுச் சுழற்சியைப் படிக்கிறார்கள். அந்தப் படிப்பின் அடித்தளத்தையே இந்தப் பிழை அசைக்கும். பழைய தட்டுகளைக் கணினியில் ஏற்றிய ஆய்வாளர்கள் நேரத்தையும் திசையையும் சரிபார்த்துத் திருத்துவதில் பெரும் உழைப்பைக் கொட்ட நேர்ந்தது இதனால்தான்.

நேரத்துக்கு அடுத்தது ஒளியின் அளவு. புகைப்படத் தட்டு விழுந்த ஒளிக்கு நேர்விகிதத்தில் கருப்பதில்லை. குறைந்த ஒளியில் மந்தமாகவும், நடுவில் வேகமாகவும், மிகுந்த ஒளியில் மறுபடி மந்தமாகவும் கருக்கும். பெட்டிக்குப் பெட்டி, கழுவும் கரைசலின் சூட்டுக்குச் சூடு இது மாறும். ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் 1890இலேயே இதை வளைகோடாக வரைந்து காட்டிவிட்டார்கள். இதற்கு மருந்தும் உண்டு. தட்டின் ஓர் ஓரத்தில், இவ்வளவு ஒளி என்று தெரிந்த சில கட்டங்களைப் படிப்படியாகப் பதித்துவிட வேண்டும். அப்போது தட்டு தன்னுடைய அளவுகோலைத் தானே சுமந்து வரும். கொடைக்கானலின் தொடக்கப் பல பத்தாண்டுத் தட்டுகளில் பெரும்பாலானவற்றில் இந்தப் படிக்கட்டுப் பட்டை இல்லை. படம் இருக்கிறது, கால்சியம் மேகங்கள் மின்னும் வெண்திட்டுகள் அழகாகத் தெரிகின்றன. ஆனால் 1910இன் வெண்மையும் 1950இன் வெண்மையும் ஒரே வெண்மையா என்று தட்டைக் கேட்டால் அதனிடம் பதில் கிடையாது.

அளவுகோலும் படமும் ஒரே தட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் கொடைக்கானலிலேயே சாட்சி உண்டு. ஜான் எவர்ஷெட் 1907இல் அங்கே வந்து சேர்ந்தார். அதற்கு அடுத்த ஆண்டுதான் அமெரிக்காவில் ஹேல் சூரியப் புள்ளிகளுக்குள் வலிமையான காந்தப்புலம் இருப்பதைக் கண்டறிந்திருந்தார். புள்ளிகள் சுழல்காற்றுப் போன்றவை என்ற எண்ணம் பரவலாக இருந்தது. 1909 ஜனவரி 5 அன்று எவர்ஷெட் நிறமாலைக் கருவியின் பிளவைப் புள்ளிகளின் மேல் வைத்துப் படமெடுத்தார். தட்டில் கோடுகள் கோணியிருந்தன. புள்ளியைச் சுற்றியுள்ள மங்கலான வளையத்தின் ஒரு பக்கத்தில் கோடு சிவப்பை நோக்கியும், மறுபக்கத்தில் ஊதாவை நோக்கியும் சாய்ந்திருந்தது. புள்ளிகள் எங்கே இருந்தன, சாய்வு எந்தத் திசையில் என்று ஒப்பிட்டபோது, வாயு சுழலவில்லை, புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கி நொடிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவில் பாய்கிறது என்று தெரிந்தது. இன்றும் உலகம் முழுவதும் எவர்ஷெட் விளைவு என்றே இது வழங்குகிறது. அந்தக் கோணலை ஐயத்துக்கு இடமில்லாமல் காண முடிந்ததற்குக் காரணம் எளியது. புள்ளிக்கு வெளியே அதே கோடு நேராக நின்றது. அந்த நேர்க்கோடு அதே தட்டில், அதே நொடியில், அதே ரசாயனத்தில் பதிந்திருந்தது. பூமியின் வளிமண்டலம் உண்டாக்கும் கோடுகளோ சூரியனில் என்ன நடந்தாலும் அசையாதவை. ஒப்பிட வேண்டியதைப் பதிவே கூட்டி வந்தது. வேறொரு நாள் எடுத்த வேறொரு தட்டோடு ஒப்பிட்டிருந்தால், கருவி கொஞ்சம் நகர்ந்திருக்கலாம் என்ற ஐயம் கடைசிவரை தீர்ந்திருக்காது.

எவர்ஷெட் மலையில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கீழே சென்னையில் இதே பாடத்தை இன்னொரு தொழில் படித்துக்கொண்டிருந்தது. ரகுபதி வெங்கையா 1910ஐ ஒட்டிக் குரோனோமெகாஃபோன் என்ற கருவியைத் தருவித்து, பேசும் குறும்படங்களைக் காட்டினார். படம் புரொஜெக்டரில்; ஒலி தனியாக ஒரு இசைத்தட்டில். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடினால் வித்தை, ஓடாவிட்டால் கேலி. பிறகு ஹாலிவுட்டில் 1926இல் வைட்டாஃபோன் வந்தபோதும் அடிப்படை இதுதான். ஒரு ரீலுக்கு ஒரு இசைத்தட்டு, 16 அங்குல அகலம். தட்டில் அம்புக்குறி இட்ட இடத்தில் ஊசியை வைத்து, ஃபிலிமில் குறித்த சட்டத்திலிருந்து ஓட்ட வேண்டும். ஃபிலிம் நடுவில் அறுந்து ஆபரேட்டர் இரண்டு சட்டங்களை வெட்டி ஒட்டினால், அவ்வளவு நீளத்துக்குக் கருப்பு ஃபிலிமைச் சேர்த்தே ஆக வேண்டும். மறந்தால் அந்த ரீல் முடியும்வரை பேச்சு விலகியே ஓடும். சில ஆண்டுகளிலேயே அந்த முறை ஒழிந்தது. ஒலியையும் ஒளிக்கோடாக மாற்றி, படத்தின் பக்கத்திலேயே அதே ஃபிலிம் பட்டையில் பதிக்கும் முறை வென்றது. ஒலியைப் படிக்கும் இடம் படச்சட்டத்துக்குக் கீழே இருப்பதால், ஒரு சட்டத்துக்குரிய ஒலி ஏறக்குறைய இருபது சட்டம் முன்தள்ளிப் பதிந்திருக்கும். அந்த இடைவெளி எப்போதும் மாறாதது என்பதால் அதனால் தொல்லையில்லை. ஃபிலிம் அறுந்தால் படமும் ஒலியும் சேர்ந்தே அறும். ஒலியின் தரத்தில் அந்தக் காலத்து இசைத்தட்டு மட்டமானதென்று சொல்ல முடியாது. அது தோற்றது தனிக் கடிகாரத்தால்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது, அன்றைய மனிதர்களுக்கு இன்றைய கேள்விகள் எப்படித் தெரிந்திருக்கும் என்பதுதான். சூரியனின் நூறாண்டுக் காந்த வரலாற்றைத் தட்டிலிருந்து பிழிந்தெடுக்கப் போகிறார்கள் என்று 1904இல் யார் நினைத்தார்? சூரியனின் காந்தப்புலத்தை முழு வட்டத்துக்கும் முறையாக வரையும் வழக்கம் 1970களை ஒட்டித்தான் நிலைபெற்றது. அதற்கு முந்தைய காலத்துக்குக் கால்சியம் தட்டுகளே பதிலாள் என்பது பின்னாளில் புரிந்த விஷயம். இந்த மறுப்பில் நியாயம் உண்டு. அந்த ஆட்களைக் குறை சொல்வது என் நோக்கமே கிடையாது. மழையும் மூடுபனியும் தட்டுப்பாடும் நிறைந்த மலையில், இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே, எவர்ஷெட் 1923இல் ஓய்வு பெற்ற பிறகும், விடுதலைக்குப் பிறகும், வைணு பாப்பு 1960இல் பொறுப்பேற்ற பிறகும், வேலையை விடாமல் செய்தவர்கள் அவர்கள். அவர்களுடைய கேள்வி வேறு: இன்று புள்ளி இருக்கிறதா, எங்கே, எவ்வளவு பெரியது? அதற்கு அந்தத் தட்டு போதும். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது. நாளை என்ன கேட்பார்கள் என்று தெரியாது என்பதால்தான், இன்றைக்குத் தேவையில்லாததுபோல் தோன்றும் நேரமும் அளவுகோலும் படத்தோடு சேர்ந்தே பதிய வேண்டும். எதற்குப் பயன்படும் என்று தெரிந்த பிறகு அதைப் பதிய முடியாது.

இன்னொரு மறுப்பு கணினிக்காரர்களிடமிருந்து வரும். பட்டை இல்லாவிட்டால் என்ன, மென்பொருளால் மீட்கலாமே? மீட்கிறார்கள் என்பது உண்மை. சூரிய வட்டம் நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கலாகவும் இருக்கும். புள்ளியோ திட்டோ இல்லாத அமைதியான பகுதியில் இந்த மங்கல் எந்த விகிதத்தில் இறங்க வேண்டும் என்று தெரியும். தட்டில் அது எப்படி இறங்கியிருக்கிறது என்று பார்த்து, அந்தத் தட்டின் வளைகோட்டைப் பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். மிக நேர்த்தியான வழி. ஆனால் அது ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: அமைதியான சூரியன் நூறு ஆண்டாக மாறவில்லை. சூரியனின் அடிப்படை ஒளி நூறாண்டு அளவில் மாறியதா என்பதோ, பூமியின் தட்பவெப்ப வரலாற்றை ஆராய்பவர்கள் இந்தத் தட்டுகளிடம் கேட்க விரும்பும் கேள்விகளில் ஒன்று. விடையை முன்கூட்டி வைத்துக்கொண்டு செய்த கணக்கால் அதே கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. தட்டின் ஓரத்தில் சில கட்டங்கள் பதிந்திருந்தால் இந்த அனுமானமே தேவைப்பட்டிராது. மென்பொருள் மீட்டுத் தருவது அதிகம், ஆனால் பதியாததை அது பதிவாக்க முடியாது.

கையால் வரைந்த படங்களைச் சுட்டிக்காட்டி மறுப்பவர்களும் இருக்கலாம். கொடைக்கானலில் நாள்தோறும் சூரிய வரைபடம் வரையும் வழக்கமும் 1904லிருந்தே இருந்தது. அகலாங்கு, நெட்டாங்குக் கோடுகள் இட்ட வட்டத்தாளில், புள்ளிகள், வெண்திட்டுகள், கரிய இழைகள், விளிம்பில் எழும் தீநாக்குகள் ஆகியவற்றுக்குத் தனித்தனி வண்ணம் கொடுத்து, தட்டுகளைப் பார்த்துப் பார்த்துக் குறித்தார்கள். வெள்ளொளி, கால்சியம் தட்டுகளோடு, எவர்ஷெட் 1911ஐ ஒட்டிப் பழைய ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃபோடு இணைத்து அமைத்த கருவியின் ஹைட்ரஜன் ஆல்ஃபா தட்டும் சேர்ந்தது. மூன்று வகைப் பதிவும் ஒரே தாளில் சந்தித்தன. இதைத்தானே சேர்த்துப் பதிவது என்கிறேன்? ஏறக்குறைய ஆம், அதனால்தான் இந்த வரைபடங்களை நான் பெரிதும் மதிக்கிறேன். தட்டில் திசை ஐயமாக இருக்கும் இடத்தில், அன்றைய வரைபடம் வடக்கைச் சொல்லிவிடும். ஆயினும் அந்தத் தாளில் சேர்ந்தவை கண்ணும் கையும் தேர்ந்தெடுத்தவை. எந்தத் திட்டு வரையத்தக்க அளவு வெளிச்சமானது என்பதை ஒவ்வொரு வரைபவரும் தம் கண்ணுக்கு ஏற்ப முடிவு செய்தார். ஆள் மாறினால் அளவும் மாறும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதிந்தால், அந்த ஒன்று அழிந்தால் எல்லாம் அழியுமே என்பது எனக்கு மிகவும் சிந்திக்கத் தந்த மறுப்பு. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது. படமும் ஒலியும் இருந்த அந்தப் பிரதி இன்று இல்லை. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றுக்கு நமக்கு எஞ்சியிருப்பது கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம்தான். படத்திலிருந்து தனியாகப் பிரிந்து கிடந்ததாலேயே அது பிழைத்தது. கொடைக்கானலிலும் தட்டு உடைந்தாலும் குறிப்பேடு பேசும். இதை நான் முழுதும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது சேர்த்துப் பதிவதற்கு எதிரான வாதமாகாது. சேர்த்துப் பதிந்ததற்கு இன்னொரு நகல் வேண்டும் என்ற வாதம். பாட்டுப் புத்தகம் பாட்டின் சொல்லைக் காப்பாற்றியது, ‘காளிதாஸ்’ நாயகி டி.பி. ராஜலக்ஷ்மியின் குரலை அதனால் காப்பாற்ற முடியவில்லை.

ஒலி என்றதும் சூரியனுக்கே ஒலி உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். வெற்றிடம் ஒலியைக் கடத்தாது. எனவே அந்த ஒலியை வெளியிலிருந்து எந்த மைக்காலும் பிடிக்க முடியாது. படத்துக்குள்ளிருந்துதான் எடுக்க வேண்டும். 1960ஐ ஒட்டி அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் ராபர்ட் லெய்டனும் அவருடைய துணைவர்களும், ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் படங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்த்தபோது, சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஏறி இறங்குவதைக் கண்டார்கள். சூரியனுக்குள் சிக்கிய ஒலியலைகள் மேற்பரப்பை அசைப்பதே அது என்று 1970களில் தெளிவானது. எவர்ஷெட் வாயுவின் பாய்ச்சலைக் கண்டதும் கோடுகளின் இதே வகை விலகலை வைத்துத்தான். கொடைக்கானலின் நூறாண்டுத் தட்டுகளில் இந்த ஒலி இருக்கிறதா என்றால், இல்லை. நாளுக்கு ஓரிரண்டு படம் எடுக்கும் தொடர் ஐந்து நிமிடத் துடிப்பைப் பிடிக்காது. 1995இல் உதயப்பூர் உள்ளிட்ட ஆறு இடங்களில் கருவி வைத்து, நிமிடத்துக்கு ஒரு படமாகச் சூரியனை விடாமல் பதியும் கோங் வலைப்பின்னல் தொடங்கியபோதுதான் அந்தக் குறை தீர்ந்தது. ஆறு ஊர்க் கருவிகளின் படங்களை ஒரே தொடராகத் தைக்க முடிவது, ஒவ்வொரு படமும் தன் நேரத்தைச் சுமந்து வருவதால்.

வானியலாளர்கள் இதற்கு ஒரு வடிவமும் கண்டுவிட்டார்கள். 1981இல் வெளியான ஃபிட்ஸ் என்ற கோப்பு முறையில், படத்தின் எண்களுக்கு முன்னால் எழுத்தாலான தலைப்புப் பகுதி ஒன்று வரும். வரிக்கு 80 எழுத்து. பழைய துளை அட்டையின் அகலம் அது. எப்போது எடுத்தது, எந்தக் கருவி, எவ்வளவு நேரம் ஒளி விட்டது, எந்த அலைநீளம் என்பவை எல்லாம் அங்கே மனிதர் வாசிக்கும் எழுத்திலேயே இருக்கும். கோப்பை நகலெடுத்தால் அவையும் கூடவே போகும். கொடைக்கானலின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தால் கணினிக்கு ஏற்றப்பட்டு இந்த உலகத்துக்குள் வந்திருப்பது, நம் நாட்டு அறிவியல் வரலாற்றில் போற்றத்தக்க வேலை. கண்டுபிடிப்புகளுக்குக் கிடைக்கும் புகழில் நூறில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்.

வீட்டுக் கணினியின் திரைப்பதிவும் இதே வழியில்தான் தேறியிருக்கிறது. 2007இல் பரவலாக வந்த விண்டோஸ் விஸ்டா, ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியைக் கணினிக்குள்ளேயே திருப்பி எடுக்க வழி தந்தது. லினக்ஸில் பல்ஸ் ஆடியோ ஒவ்வொரு ஒலி வாயிலுக்கும் ‘மானிட்டர்’ என்று ஒரு நிழல் வாயிலை வைத்தது. மேக்கில் பல ஆண்டுகள் சவுண்ட்ஃபிளவர், பிளாக்ஹோல் போன்ற இரவல் கருவிகளை நிறுவித்தான் உள்ளொலியை எடுக்க வேண்டியிருந்தது. 2022இல்தான் ஆப்பிள் தன் திரைப்பதிவு ஏற்பாட்டிலேயே ஒலியைச் சேர்த்தது. ஆண்ட்ராய்டில் அந்த வாயில் 2019இல் திறந்தது. 2012இல் வந்த ஓபிஎஸ் போன்ற மென்பொருள்கள் ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் ஒலித்துண்டுக்கும் நேர முத்திரை குத்தி ஒரே கோப்பில் வைக்கின்றன. அந்த முத்திரையில் தவறினால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கு காட்டும். நொடிக்கு 48,000 முறை அளந்த ஒலியை, 44,100 என்று தவறாகக் குறித்துவிட்டால், ஒரு மணி நேரப் பேச்சு 65 நிமிடத்துக்கு இழுக்கும், குரலும் தடித்துவிடும். ஒலியில் ஒரு எண்கூடக் கெடவில்லை. கெட்டது அதன் குறிப்பு மட்டும். சென்னை நேரமா, இந்திய நேரமா என்று தெரியாத தட்டின் நிலையும் அதுவே.

2019 டிசம்பர் 26 அன்று கங்கண கிரகணம் திண்டுக்கல் வழியாகக் கடந்தது. மேகத்தடியில் இருந்தவர்களும் தொலைவில் இருந்தவர்களும் அதை நேரலையாகத் திரையில் பார்க்க முடிந்தது. அப்படிப்பட்ட நேரலைகளைத் திரைப்பதிவாக எடுத்து வைப்பவர்கள் இனி நிறையப் பேர் இருப்பார்கள். பள்ளிகளும் கல்லூரிகளும் எடுக்கும். அவர்கள் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. விளக்கம் சொல்பவரின் குரலை அறை மைக்கில் பிடிக்காமல் உள்ளொலியாக எடுத்து, நொடிவரை காட்டும் உலகப் பொது நேரக் கடிகாரம் ஒன்றைத் திரையின் மூலையிலேயே ஓடவிட்டு, எந்த ஊரிலிருந்து எந்தக் கருவியால் எடுத்த படம் என்பதை முதல் சட்டத்தில் எழுதினால் போதும். கொடைக்கானலில் செய்ய வேண்டியது இதைவிடப் பெரிது. தட்டுகளின் படத்தை ஏற்றியதோடு நிற்காமல், அந்தந்த நாளின் குறிப்பேட்டுப் பக்கத்தையும் உறையில் உள்ள கையெழுத்தையும் வரைபடத்தையும் படியெடுத்து, அந்தப் படத்தின் கோப்போடு பிணைத்துவிட வேண்டும். நேரத்தைத் திருத்தியிருந்தால், திருத்திய எண்ணுக்குப் பக்கத்தில் தட்டில் இருந்த பழைய எண்ணையும் அப்படியே விட்டுவைக்க வேண்டும்.